புனலூர் மலைத்தோட்டத்திலிருந்து ஒரு கேள்வி: நாடுகளின் ஒத்துழைப்பு மக்களுக்கு எதைக் கொடுத்தது?

குளத்துப்புழைப் பக்கம் மறுவாழ்வு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மனித உரிமைக்காகவும் நல்லாட்சிக்காகவும் பிராந்தியப் பாதுகாப்புக்காகவும் நாடுகள் ஒத்துழைக்கின்றன என்று படிக்கிறோம். என் தாத்தாவை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் இரண்டு நாடுகளின் ஒத்துழைப்புதான். அதை ஒத்துழைப்பின் வெற்றி என்று எழுதுவதா, உரிமை மீறல் என்று எழுதுவதா?”

இரண்டுமாகவே எழுத வேண்டும் என்பதுதான் என் விடை. ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், செங்கோட்டையில் இருந்துகொண்டு குடியுரிமை, சான்றிதழ் தொடர்பான வழக்குகளை நெடுங்காலமாக நடத்தி வருபவன் என்ற முறையில், நாடுகளின் ஒத்துழைப்பை அளக்க நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு அரசுகளும் தமக்குள் ஒத்துப்போன பிறகும், அதனால் பாதிக்கப்படும் தனி மனிதர் “இதில் எனக்குச் சம்மதமில்லை” என்று போய்ச் சொல்ல ஓர் இடம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்பதே அது. உங்கள் தாத்தாவின் கதையை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பாடப்புத்தகத்தில் தனித்தனியாக நிற்கும் மூன்று சொற்களும் ஒரே குடும்பத்தின் வாழ்க்கையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது தெரியும்.

1948-இல் இருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் விடுதலை பெற்ற இலங்கை, அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போய், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த, பிறப்புப் பதிவு என்பதே அறியாத மக்களால் அதை எப்படிக் காட்டியிருக்க முடியும்? 1949-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. “குடியுரிமை பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, யாருடைய குடியுரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது” என்று கூறும் 15-ஆம் பிரிவைக் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று நிறைவேறியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இலங்கை 1955-இல்தான் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரானது. ஆனால் அந்தப் பிரகடனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கை மலைப்பகுதியில் ஹட்டனிலோ பதுளையிலோ இருந்த ஒரு தோட்டத் தொழிலாளி எந்த அலுவலகத்துக்கும் போயிருக்க முடியாது. அது அறிவிப்பாக இருந்ததே தவிர, முறையிடும் வழி எதையும் தன்னுடன் கொண்டுவரவில்லை.

நீண்ட காலம் இலங்கையில் வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பதில் நேரு உறுதியாக இருந்தார். விரும்பி விண்ணப்பிப்பவர்களை மட்டுமே இந்தியா ஏற்கும் என்றார். 1962-இல் சீனாவுடன் நடந்த போர் இந்தச் சூழலை மாற்றியது. இந்தியா தன் அண்டை நாடுகளின் நல்லெண்ணத்தைத் தேடத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே சமரசம் காணக் கொழும்பில் மாநாடு கூட்டியவர் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. நேரு மறைந்து லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்ற சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று மதிப்பிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பின்னர் பேசிக்கொண்டது 1974-இல். ஆளுக்குப் பாதியாக 75,000 பேர்.

பிராந்தியப் பாதுகாப்பு என்ற நோக்கில் பார்த்தால் இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. இரண்டு நாடுகளுக்கும் இடையே பதினாறு ஆண்டுகளாக முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்த ஒரு விவகாரம் போர் இல்லாமல், மிரட்டல் இல்லாமல் முடிந்தது என்று ராஜதந்திரிகள் எழுதினார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்த விதத்தை நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கைக் குடியுரிமை நான்கு பேருக்கு என்ற விகிதத்தில் இரண்டு பக்கமும் நகர வேண்டும் என்று வைத்தார்கள். அந்த விகிதத்தை, இந்தியக் குடியுரிமை பெற்றவர்களின் எண்ணிக்கையோடு இணைப்பதா, கப்பலேறிச் சென்றவர்களின் எண்ணிக்கையோடு இணைப்பதா என்பது கொழும்பில் ஆட்சி மாறும்போதெல்லாம் மாறியது. ஒரு மனிதர் தான் பிறந்த ஊரின் குடிமகன் ஆவதா இல்லையா என்பது, அவருக்கு முகம் தெரியாத வேறு ஏழு பேர் இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்கு ரயிலேறினார்களா என்பதைப் பொறுத்து நின்றது. மனித உரிமையின் அடிப்படையே அது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருப்பது என்பதுதான். விகிதக் கணக்கு அந்த அடிப்படையையே இல்லாமல் செய்துவிட்டது.

மக்கள் விருப்பம் எதுவாக இருந்தது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. விண்ணப்பங்கள் கேட்கப்பட்டபோது 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இடமிருந்ததோ 3 லட்சம் பேருக்கு. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கிய எண்ணிக்கையை எட்டவில்லை. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு கேட்டிருந்தால் இந்த விடைதான் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

வந்தவர்களை இந்தியா கைவிட்டுவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திறங்கினார்கள். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்து, தொழில் கடன், தோட்ட வேலை, நூற்பாலை வேலை என்று பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்கள். கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர் தோட்டங்கள். கேரளத்தில் கவியின் ஏலக்காய்த் தோட்டம். 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாகத் தொடங்கிய புனலூர் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ஆயிரநல்லூர், குளத்துப்புழைத் தோட்டங்கள். இவை எல்லாம் பொதுப் பணத்தில், ஒரு பன்னாட்டுக் கடப்பாட்டை நிறைவேற்றுவதற்காக எழுந்தவை. அந்த வகையில் உங்கள் தோட்டமே சர்வதேச ஒத்துழைப்பின் ஒரு சின்னம்தான். எனினும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது வேலையும் வேலையோடு ஒட்டிய வீடும் மட்டுமே, நிலம் கிடைக்கவில்லை. வேலை ஓய்ந்தால் வீடும் போகும் என்ற அச்சம் மலைத்தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. 2022-இல் டான்டீயிடம் இருந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோது பந்தலூர் வட்டாரத்தில் எழுந்த கொந்தளிப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட தாளில் ‘மறுவாழ்வு’ முடியும் நாள் எது, அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதப்படவில்லை.

ஒப்பந்தத்தின் மறுபாதி இன்னும் துயரமானது. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்முறைகளில் அடிபட்ட மலையகத் தமிழர்களில், அதாவது இலங்கை மலைத்தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழர்களில், பலர் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் குடிபெயர்ந்து, அங்கே போருக்குள் சிக்கினார்கள். 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வர முடியாமல் நின்றவர்களும் உண்டு. எந்தத் தாளும் இல்லாமல் படகேறி அகதிகளாக வந்தவர்களும் உண்டு. நாடற்றவர்களாக விடப்பட்ட மக்களே கலவரத்தின்போது முதலில் அடிபட்டார்கள். பாதுகாப்பை அரசுகளின் கணக்காக மட்டும் பார்த்து, மக்களின் சட்ட நிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், ஒத்திவைத்ததே பாதுகாப்புப் பிரச்சினையாகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் கடலின் இரு கரையிலும் இல்லை.

இப்போது நல்ல பக்கத்துக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசிப்பவரும், அவர் வழிவந்தவர்களும், ஓர் உறுதிமொழிப் படிவத்தின் மூலமே குடியுரிமை பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் போகாமல் தங்கிவிட்டவர்களும் இதில் சேரலாம். சட்டம் வந்ததோடு நிற்காமல், ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம், இலங்கை அரசு, தோட்டத் தொழிற்சங்கம் ஆகியவை கைகோத்து, தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம்கள் வைத்துப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ பத்து நாட்களில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றதாக அந்த ஐ.நா. அலுவலகம் பதிவு செய்திருக்கிறது. விகிதக் கணக்கு வைத்து இரண்டு நாடுகள் நாற்பது ஆண்டுகளாக முடிக்காத வேலையை, அவரவர் தம் விருப்பத்தைத் தாமே எழுதிக் கொடுக்கலாம் என்ற ஓர் எளிய ஏற்பாடு சில நாட்களில் முடித்தது. பன்னாட்டு ஒத்துழைப்பு என்று நான் மனதாரப் பாராட்டுவது இதைத்தான்: சட்டத்தை நாடாளுமன்றம் செய்தது, வழிமுறையையும் அனுபவத்தையும் உலக நிறுவனம் தந்தது, மக்களை நம்பி நடந்தது தொழிற்சங்கம். நல்லாட்சி என்ற சொல்லுக்கும் எனக்குத் தெரிந்த விளக்கம் அந்தப் படிவமும் அந்த முகாமுமே.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் இதற்கு வெளியே நின்றார்கள். போரின்போது இந்தியாவுக்குப் போனவர்களும் பயன்பெறும்படி 2009-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தியது. அப்படிப்பட்டவர்கள் முகாம்களில் சுமார் 28,500 பேர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைப் பார்த்தே இராத தலைமுறைக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு உதவும்? 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று கூறியது. அதே ஆண்டு இறுதியில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான மத்திய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. அது ஆறுதல், குடியுரிமை அன்று.

உங்களைப் போன்ற சட்ட மாணவர் மனத்தில் வைக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரே தோட்டத்து ஒரே லயத்தில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1979-இல் கண்டியில் பெற்ற இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தது; இன்னொன்று 1990-இல் படகில் வந்தது. முதல் குடும்பத்துப் பெண் இந்தியக் குடிமகள். இரண்டாம் குடும்பத்துப் பையன் முகாம் பதிவில் இருப்பவன், சட்டத்தின் கண்ணில் முறையின்றிக் குடிபுகுந்தவன். இருவரும் மணந்து, அவர்களுக்கு 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் குழந்தை பிறந்தால், தாய் குடிமகளாக இருந்தும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அந்தக் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வராது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று கூறும் குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979-இலும், குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992-இலும் சேர்ந்திருக்கிறது. கொள்கைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஒரு குழந்தையின் நிலை காட்டிவிடும்.

அந்தக் குழந்தை எங்கே முறையிடுவது? இந்த இடத்தில்தான் நம் பிராந்தியம் மிகவும் பின்தங்கி நிற்கிறது. தெற்காசிய நாடுகள் சேர்ந்து 1985-இல் டாக்காவில் தொடங்கிய சார்க் அமைப்பின் சாசனம், எல்லா முடிவுகளும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புச் சிக்கல்களும் சர்ச்சைக்குரியவையும் பேசப்படக் கூடாது என்று விதிக்கிறது. பயங்கரவாதம், ஆள்கடத்தல் ஆகியவற்றுக்கு எதிராக உடன்படிக்கைகள் செய்த அந்த அமைப்பு மனித உரிமைக்கென்று ஓர் ஆணையத்தையோ நீதிமன்றத்தையோ அமைக்கவில்லை; 2014-இல் காத்மாண்டுவில் நடந்ததற்குப் பிறகு அதன் உச்சி மாநாடே கூடவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் ஆப்பிரிக்காவிலும் குறைகள் எத்தனை இருந்தாலும் இத்தகைய அமைப்புகள் இருக்கின்றன. டொமினிகன் குடியரசின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஹெய்ட்டி மக்களின் வழிவந்த இரண்டு சிறுமியருக்குப் பிறப்புச் சான்று மறுக்கப்பட்ட வழக்கில், 2005-இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் அச்சிறுமியருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. தோட்டம், வந்தேறி என்ற வசை, பதிவில்லாத பிறப்பு என்று எல்லாவற்றிலும் நம் மலையகத்தின் கதையாகவே அது தோன்றும். அந்தத் தீர்ப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் பல்லாயிரம் பேரின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆனாலும் அங்கே ஒரு சிறுமியின் வழக்கு ஓர் அரசைப் பதில் சொல்ல வைத்தது. தெற்காசியாவில் அந்த வாய்ப்பே இல்லை.

ஐ.நா. அமைப்பிலும் நமக்கு வழி குறுகலானது. மேற்சொன்ன குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை என்ற துணை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டின் மக்கள் ஜெனீவாவில் உள்ள குழுவிடம் தனிப்பட முறையிடலாம். இந்தியா அதில் சேரவில்லை. உடன்படிக்கையில் வெளிநாட்டவரை வெளியேற்றுவது பற்றிய 13-ஆம் பிரிவிலும் தன் சட்டமே செல்லும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. இலங்கை 1997-இல் சேர்ந்தது. ஆனால் 2006-இல் அதன் உச்ச நீதிமன்றம், அப்படிச் சேர்ந்தது நாட்டின் சாசனத்தோடு பொருந்தாது என்று கூறி அந்த வழியின் வலுவைக் குறைத்துவிட்டது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும், நாடற்றோர் பற்றிய 1954, 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளிலும் இரு நாடுகளும் இல்லை. இந்தியா இவற்றில் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லட்சக்கணக்கானவர்களுக்கு உண்மையில் அடைக்கலம் கொடுத்த நாடு, அதைச் சட்டமாக எழுதிவைக்கத் தயங்க வேண்டியதில்லை.

அதற்காக உள்ள வழிகளை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களை விரட்டப் போவதாக மிரட்டல் வந்தபோது தேசிய மனித உரிமை ஆணையமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் வந்த தீர்ப்பு, உயிர்வாழும் உரிமையைக் கூறும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் பொருந்தும் என்று நிலைநாட்டியது. அந்த ஆணையம் 1993-இல் அமைந்ததற்கும், தேசிய ஆணையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.நா. அதே காலத்தில் ஏற்றுக்கொண்ட பாரிஸ் கோட்பாடுகளுக்கும் தொடர்பு உண்டு. அந்தக் கோட்பாடுகளுக்கு முழுமையாகப் பொருந்தும் ஆணையம் என்பதற்கான ‘ஏ’ தகுதியைப் புதுப்பிப்பதை, தேசிய ஆணையங்களின் உலகக் கூட்டமைப்பு 2023-இலும் 2024-இலும் ஒத்திவைத்து, அதன் சுயேச்சை பற்றிக் கேள்வி எழுப்பியதையும் நான் பயனுள்ள ஒத்துழைப்பாகவே கருதுகிறேன். அந்தக் கேள்விகளை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வெளியிலிருந்து வரும் தணிக்கை உள்ளே இருக்கும் நிறுவனத்தை நிமிர்த்தும்.

கேரளத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கும். பட்டியல் சாதி என்பது அரசியல் சாசனத்தின் 341-ஆம் பிரிவின்படி மாநிலத்துக்கு மாநிலம் தனியாக வரையறுக்கப்படுகிறது. ஒரு மாநிலத்தின் தகுதி இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வேலைக்குப் போனவருக்கு இந்த விதி கடுமையானாலும் புரிகிறது. இலங்கையிலிருந்து அரசே கூட்டிவந்து நேராகக் கேரளத்தில் குடியமர்த்திய குடும்பத்துக்கு ‘முந்தைய மாநிலம்’ எது? பாட்டனார் எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்ற சான்றைப் பேத்தியிடம் கேட்பது, 1948-இல் இலங்கை கேட்ட அதே கேள்விதான். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியபோது யாரும் ஒரே இரவில் உரிமை இழக்கவில்லை. நிலம் மாநிலம் மாறும்போது முடிந்தது, மனிதர் மாறும்போதும் முடிய வேண்டும்.

ஆகவே உங்கள் கட்டுரைக்கு வேண்டிய ஆதாரம் முதலில் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. தாத்தாவின் கண்டிக் கடவுச்சீட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்ட நிறுவனத்தின் நியமன ஆணை ஆகிய மூன்றையும் தேடி எடுத்துச் சான்றளித்த நகல்கள் எடுத்துவையுங்கள். இலங்கையில் இந்தியத் தூதரகம் குடிமகனாகப் பதிவு செய்ததற்கு அந்தக் கடவுச்சீட்டே சான்று. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்த உறவினர் யாராக இருந்தாலும், பெற்றோரின் நிலை எதுவானாலும், பிறப்பாலேயே குடிமக்கள் என்பதை முகாமில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள்; பலர் இதை அறியாமல் அகதிப் பதிவிலேயே இருந்துவிடுகிறார்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேட்டுப் பெறுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே, கட்டணமின்றி எழுதலாம். ஆனால் நிகழ்ந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். ஐ.நா. மனித உரிமை மன்றம் 2008 முதல் ஒவ்வொரு நாட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்கிறது. 2022-இல் இந்தியாவின் நான்காவது மீளாய்வு நடந்தது. அடுத்த முறைக்குக் குடிமைச் சமூக அமைப்புகள் அறிக்கை அனுப்பும்போது, புனலூர், கவி, பந்தலூர் தோட்டங்களின் வீட்டுரிமையும் 2004-க்குப் பின் பிறந்த குழந்தைகளின் நிலையும் அதில் இடம்பெற வேண்டும். அதற்கான தரவுகளைத் தோட்டம் தோட்டமாகச் சென்று தமிழில் கேட்டு எழுத முடிந்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்களே. நீங்கள் தொடங்குவதானால் ஆவணங்களைப் படித்துப் பார்ப்பதிலும் விண்ணப்பங்களை வரைவதிலும் என்னால் ஆன உதவியைச் செய்வேன்.